கார்பாக்சிலிக் அமிலத்தின் ராமன் நிறமாலை: பட்டை இடம் மாறினால் எங்கே தேடுவது?

ஒரு மாலை நேரம், விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும் வேளையில் ஓர் ஆய்வு மாணவி அச்சிட்ட நிறமாலையுடன் வந்து நின்றார். அசிட்டிக் அமிலத்தின் கார்பனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டைக்குப் பக்கத்தில், 1710-ல் அழகான ஒரு தோள், அதாவது பட்டையின் சரிவில் ஒட்டிய சிறு மேடு. அமில மூலக்கூறுகள் கோத்து நிற்கும் சங்கிலித் தொடர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. கட்டுரைத் தலைப்புகூட யோசித்து வைத்திருந்தார். "787-ல் ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். இருந்தது. குவெட்டை (மாதிரியை ஊற்றும் சிறு குப்பி) அசிட்டோனில் கழுவி, காயவிடாமல் அமிலத்தை ஊற்றியிருக்கிறார்.

இந்தக் கதையை வேறு வேறு முகங்களோடு பலமுறை பார்த்தாகிவிட்டது. அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்வதைப் படிக்க ராமன் நிறமாலை, அதாவது மாதிரியில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் அலைஎண் எவ்வளவு மாறுகிறது என்ற பதிவு, நல்ல கருவிதான். ஆனால் நாம் தேடும் மாற்றங்கள் சில அலைஎண்களிலிருந்து சில பத்து அலைஎண்கள் வரைதான். கழுவிய கரைப்பான், பாட்டிலில் இறங்கிய ஈரம், காலையில் சூடேறாத லேசர் ஆகிய மூன்றும் அதே அளவுக்கு மாற்றத்தைக் காட்டிவிடும். ஆகவே கீழே உள்ளவற்றை எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்திலிருந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். பட்டைகளின் எண்கள் எல்லாம் செ.மீ.⁻¹ அலகில் (அதுதான் அலைஎண்), லேசர்களின் 532, 785, 1064 மட்டும் நானோமீட்டரில்; ஒவ்வொரு முறையும் அலகை எழுதப்போவதில்லை.

தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறு சிலிக்கான் துண்டு, நல்ல தரச் சைக்ளோஹெக்சேன், கொஞ்சம் பாராசிட்டமால் தூள், திறக்காத ஒரு பாட்டில் உறை அசிட்டிக் அமிலம் (நீர் கலவாதது), இரண்டு குவார்ட்ஸ் குவெட்கள். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். தினமும் காலையில் சைக்ளோஹெக்சேனின் 801 பட்டை எத்தனை எண்ணிக்கை தருகிறது என்று அதே லேசர் திறனில், அதே பதிவு நேரத்தில் எடுத்து எழுதிவையுங்கள். இந்த ஒரு வரிப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கீழே உள்ளதில் பாதி பயன்படாது.

தூய அசிட்டிக் அமிலத் திரவத்தில் தெரிய வேண்டியவை: 622 அருகே ஒன்று, 893-ல் கார்பன்–கார்பன் நீட்சியின் கூர்மையான பட்டை, 1430 அருகே அகலமாக ஒன்று, 1670 ஒட்டிக் கார்பனைல், 2944-ல் மெத்தில். ஹைட்ராக்சில் நீட்சி 2500 முதல் 3200 வரை மங்கிய மேடாகக் கிடக்கும். அதைக் காணவில்லை என்று பதற வேண்டாம். ராமனில் அது எப்போதும் அப்படித்தான்.

## அறிகுறி 1: அகச்சிவப்பில் 1715, ராமனில் 1670. எது சரி?

இரண்டும் சரி. பிழை நீக்கப் பட்டியலில் பிழையே இல்லாத ஒன்றை முதலில் வைக்கக் காரணம், இதற்காகத்தான் மிக அதிகமானோர் கருவியின் அளவுத்திருத்தத்தைக் கலைக்கிறார்கள். இரண்டு அமில மூலக்கூறுகள் எதிரெதிரே நின்று இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பால் வளையமாகச் சேரும்போது அந்த இருபடிக்கு நடுவில் ஒரு சமச்சீர் மையம் வந்துவிடுகிறது. இரண்டு கார்பனைல்களும் சேர்ந்து நீள்வது ராமனில் மட்டும், ஒன்று நீள மற்றது சுருங்குவது அகச்சிவப்பில் மட்டும் தெரியும். இந்த 45 அலைஎண் இடைவெளிதான் இருபடியின் கையெழுத்து. அதை "சரிசெய்ய" முயல்வது ஆதாரத்தை அழிப்பது.

*சோதனை:* அமிலத்தில் சமஅளவு நீர் கலந்து இரண்டு கருவியிலும் எடுங்கள். வளைய இருபடி கலைந்து, ராமன் பட்டை 1710 பக்கம் ஏறும், இடைவெளி சுருங்கும். சுருங்கினால் உங்கள் கருவிகள் நலமாக இருக்கின்றன. நீர் கலந்தும் 45 அலைஎண் இடைவெளி அப்படியே நின்றால் மட்டும் அறிகுறி 2-க்குப் போங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. அசிட்டிக் அமிலம் உறைந்து படிகமானால் அதில் வளைய இருபடிகள் இல்லை, நீண்ட சங்கிலிகள்தான். ஃபார்மிக் அமிலப் படிகமும் அப்படியே. பென்சாயிக் அமிலப் படிகத்தில் வளைய இருபடி உண்டு. திண்மத்தையும் திரவத்தையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

## அறிகுறி 2: எல்லாப் பட்டைகளும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கின்றன

முதலில் எவ்வளவு நகர்ந்தது என்பதைவிட, எப்படி நகர்ந்தது என்பதைப் பாருங்கள். சைக்ளோஹெக்சேனை எடுத்து 801.3, 1028.3, 1266.4, 1444.4, 2852.9 ஆகிய இடங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள வித்தியாசத்தை வரிசையாக எழுதுங்கள்.

### வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே அளவு

லேசர்தான் குற்றவாளி. மென்பொருள் நினைத்துக்கொண்டிருக்கும் அலைநீளத்தில் லேசர் இல்லை.

- லேசரைப் போட்டு எவ்வளவு நேரமாயிற்று? டையோடு லேசருக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். காத்திருப்பதற்குச் செலவில்லை.
- ஏசி காற்று நேராக லேசர் தலையின் மேல் விழுகிறதா? 785 நானோமீட்டரில் வெறும் 0.1 நானோமீட்டர் நகர்ந்தாலே 1.6 அலைஎண் பிழை. 532-ல் அதே 0.1 என்றால் 3.5.
- மென்பொருளில் யாராவது லேசர் அலைநீளத்தை மாற்றி எழுதியிருக்கிறார்களா? இரண்டு லேசர் உள்ள கருவியில் இது வாரம் ஒருமுறை நடக்கும்.

### வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறுகிறது

லேசர் நிரபராதி, நிறமாலைமானியின் அச்சு நகர்ந்திருக்கிறது. நியான் விளக்கு வைத்து மறுபடியும் அளவுத்திருத்தம் செய்யுங்கள். பலர் சிலிக்கானின் ஒற்றைப் பட்டையை மட்டும் பார்த்துவிட்டு (சிலர் 520.5 என்பார்கள், சிலர் 520.7, உங்கள் ஆய்வகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்) எல்லாம் சரி என்று எழுந்துவிடுகிறார்கள். 520-ல் சரியாக இருப்பது 1670-க்கு உத்தரவாதம் இல்லை.

கார்பனைல் வேலைக்கு நான் நம்புவது பாராசிட்டமால். அதன் 1648.4 பட்டை நமக்கு வேண்டிய இடத்துக்கு அடுத்த வீடு, 1168.5, 1323.9 ஆகியவையும் நல்ல அடையாளங்கள். ஆய்வகத் தரத் தூள் இல்லாத அவசரத்தில் மருந்துக்கடை மாத்திரையைப் பொடித்தும் பார்த்திருக்கிறேன். 1648 தெளிவாகவே வந்தது. அந்த எண்ணைக் கட்டுரையில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

*நிபுணரை அழைக்கும் இடம்:* அரை மணி நேரம் சூடேறிய பிறகும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த நிறமாலை முன்னும் பின்னும் குதிக்கிறது, அல்லது ஒவ்வொரு பட்டையும் திடீரென்று இரட்டையாகிறது என்றால் லேசர் ஒரே அதிர்வெண்ணில் நிற்கவில்லை. அது நம் கையில் இல்லை. நியான் கோடுகள் திருத்தம் செய்த மறுநாளே மறுபடி நகர்ந்தால் கீற்றணியை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கோடிட்ட தகடு) திருப்பும் இயந்திரப் பகுதியில் கோளாறு. கீற்றணியின் முகத்தை விரலாலோ துணியாலோ ஒருபோதும் தொடாதீர்கள்.

## அறிகுறி 3: 1700 முதல் 1740 வரை எதிர்பாராத தோள்

இந்தப் பக்கம் முழுவதையும் எழுத வைத்த அறிகுறி இதுதான். ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தூய அசிட்டிக் அமிலத் திரவத்திலேயே 1670 பட்டை சமச்சீராக இருக்காது. அதிக அலைஎண் பக்கம் சரிவாக நீண்டு கிடக்கும். அந்தச் சரிவு உண்மையானது. அது எல்லோருக்கும் வரும். கேள்வி, உங்களுக்கு வந்திருப்பது அந்தச் சரிவா, அதற்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வேறொன்றா என்பதே.

### 787-லும் ஒரு பட்டை இருக்கிறது

அசிட்டோன். கார்பனைல் 1710, கார்பன்–கார்பன் 787. இரண்டும் சேர்ந்து வந்தால் விவாதமே இல்லை. குவெட்டைக் கழுவி, அடுப்பிலோ உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்திலோ காயவைத்து மீண்டும் எடுங்கள். அதைவிட நல்லது, கடைசியாக அந்த அமிலத்தையே கொஞ்சம் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்புவது.

இங்கே ஒரு பொறி உண்டு. கரைப்பான் கார்பன் டெட்ராகுளோரைடாக இருந்தால் அதற்கே 762, 790 என இரட்டைப் பட்டைகள் உண்டு. அசிட்டோனின் 787 அதன் மடியில் ஒளிந்துகொள்ளும். அந்தக் கரைசல்களில் சாட்சி கிடைக்காது. வெற்றுக் கரைப்பானை அதே குவெட்டில், அதே முறையில் கழுவி எடுத்து 1710-ஐப் பார்ப்பதுதான் வழி. சைக்ளோஹெக்சேனுக்கு மாறினால் இந்தத் தலைவலி குறையும். அதன் 801 பட்டை கிட்டத்தில் இருந்தாலும் பிரித்துப் பார்க்க முடியும். 1600 முதல் 1800 வரை இடம் காலியாக இருக்கும். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலைக் கெடுப்பது என்பதும் மாறுவதற்குப் போதிய காரணம்.

### 847, 634 அருகே புதிய பட்டைகள், கார்பனைல் 1736 ஒட்டி

எத்தில் எஸ்டர் உருவாகியிருக்கிறது. எத்தனாலில் கரைத்து வாரக்கணக்கில் மூடிவைத்த கரைசலில் இது வரும். மூடியைத் திறந்தால் புளிப்பு வாடைக்குள்ளே பழ மணம் வீசும். ஆல்கஹாலில் கரைத்த அமிலங்களை அன்றன்றே தயாரியுங்கள், பழையதைச் சேமிக்காதீர்கள்.

### வேறு எந்தப் பட்டையும் இல்லை, 1710 மட்டும்

ஈரம். உறை அசிட்டிக் அமிலம் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் திறந்த பாட்டிலை ஒரு வாரம் நம்ப முடியாது. நீரின் சொந்தப் பட்டை 1640 அருகே மங்கலாக இருப்பதால் அதைக் கண்டு பிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அது கார்பனைலின் மறுபக்கத்தில் கரைந்துபோகும்.

இதற்குக் காசில்லாத, ஆனால் கூர்மையான ஒரு சோதனை உண்டு. பத்து மில்லிலிட்டர் அமிலத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, 0.1 டிகிரி படிக்கும் வெப்பமானியைச் செருகி, பனிக்கட்டி நீரில் நிறுத்திக் கிளறுங்கள். வெப்பநிலை பத்துக்குக் கீழேகூட இறங்கும், இன்னும் உறையாது, பொறுமையாக இருங்கள். திடீரென்று குழாயின் சுவரில் ஊசி ஊசியாகப் படிகம் ஓடும், அதே நொடியில் வெப்பமானி மேலே தாவி ஓர் இடத்தில் நிற்கும். நிற்கும் அந்த எண்தான் உறைநிலை. தூய அமிலத்துக்கு 16.6 டிகிரி. எடையில் 1 சதவீதம் நீர் இருந்தால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். 15-ல் நின்றால் பாட்டிலை அனலிட்டிகல் வேலையிலிருந்து விலக்கிவையுங்கள்.

ஈரமான அமிலத்தைத் தேற்றவும் இதுவே வழி: பாதிக்கு மேல் உறையவிட்டு, உறையாத திரவத்தை வடித்துக் கொட்டிவிட்டு, படிகத்தை உருக்குங்கள். நீர் பெரும்பாலும் வடித்த திரவத்தோடு போய்விடும். இரண்டு முறை செய்தால் போதும். நீரை கார்ல் ஃபிஷர் முறையில் அளப்பதானால் மெத்தனால் கலந்த வினைப்பொருள் வேண்டாம். அமிலம் மெத்தனாலோடு எஸ்டராகி, அங்கேயே புது நீரை உண்டாக்கி அளவைக் கூட்டிக் காட்டும்.

### எல்லாம் சுத்தம், தோள் அப்படியே இருக்கிறது

திறக்காத பாட்டில், அமிலத்தாலேயே அலசிய குவெட், 16.6-ல் உறைந்த மாதிரி. இவ்வளவுக்குப் பிறகும் இருந்தால் அது உங்களுடையது. இப்போது சங்கிலியைப் பற்றிப் பேசலாம். வெப்பநிலையை மாற்றி எடுங்கள். இருபடியின் 1670 குறையும் வேகத்தோடு தோளின் வளர்ச்சி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 4: நீர்க்கரைசலில் 893-க்குப் பக்கத்தில் 928

அசிட்டேட் அயனி. கூடவே 1415 ஒட்டியும் ஒன்று வரும். வெறும் அமிலமும் நீரும் என்றால் இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வரக் கூடாது, 0.1 மோலார் கரைசலில்கூட நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் அயனியாகும். வந்தால் காரம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. முதல் சந்தேகம், காரச் சோப்பு நீரில் ஊறிய கண்ணாடிப் பாத்திரம். கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் நான்கைந்து முறை அலசுங்கள். அதற்கும் போகவில்லையென்றால் பக்கத்து மேசைக்காரர் தாங்கல் கரைசல் தயாரித்த அதே பாட்டிலை எடுத்திருக்கிறீர்கள்.

## அறிகுறி 5: ஒருபடியின் பட்டை தெரியவே இல்லை

சைக்ளோஹெக்சேன் போன்ற கரைப்பானில் நீர்த்துக்கொண்டே போனால் இருபடி உடைந்து, தனி மூலக்கூறின் (ஒருபடியின்) கார்பனைல் 1760 அருகே வர வேண்டும் என்று படித்திருப்பீர்கள். நீர்த்தும் வரவில்லை.

பெரும்பாலும் இது கருவியின் தவறு அல்ல, கணக்கின் கொடுமை. இருபடியாதல் மாறிலியை (இருபடி எவ்வளவு எளிதில் உருவாகும் என்ற அளவு) 1000 லிட்டர்/மோல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செறிவு 1 மோலார் என்றால் ஒருபடியாக இருப்பது நூற்றுக்கு 2. நூறு மடங்கு நீர்த்து 0.01 மோலார் ஆக்கினாலும் 20 சதவீதம்தான். பாதியாவது ஒருபடியாக வேண்டுமானால் 0.001 மோலாருக்கு இறங்க வேண்டும். அந்தச் செறிவில் சாதாரண ராமன் கருவிக்குக் கரைப்பானைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

- முதலில் பதிவு நேரத்தைக் கூட்டுங்கள். ஒரே நீளப் பதிவாக இல்லாமல் பல பதிவுகளாக எடுத்துச் சேருங்கள். காஸ்மிக் கதிர் விழுந்த பதிவைத் தூக்கி எறியலாம்.
- 785-ல் இருந்தால் 532-க்கு மாறுங்கள். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக் கணக்குப்படி அதே திறனுக்குச் சிதறல் ஏறக்குறைய 4.7 மடங்கு. ஒளிர்வு தொல்லை தராத வரை இது இலவச லாபம்.
- நீர்ப்பதற்குப் பதில் சூடாக்குங்கள். செறிவைக் குறைக்காமலே இருபடியை உடைக்கலாம். குவெட் இறுக மூடியிருக்கட்டும். அசிட்டிக் அமில ஆவி 40 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும்.
- கரைப்பானை உலர்த்துங்கள். 0.001 மோலாரில் குவெட்டின் சுவரில் ஒட்டிய ஈரம்கூட அமிலத்துக்குச் சமமான கூட்டாளி.

இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம். நீளமான பாதையுள்ள குவெட் போட்டு அகச்சிவப்பில் எடுங்கள். ஒருபடியைப் பிடிப்பது அகச்சிவப்புக்குக் கைவந்த வேலை. ராமனைக்கொண்டு அதைச் செய்ய முயன்று ஒரு பருவத்தையே செலவழித்தவர்களைத் தெரியும்.

## அறிகுறி 6: பட்டைகளுக்கு அடியில் மலை

### மலை 785 லேசரில் 1400 ஒட்டி உருண்டையாக இருக்கிறது

கண்ணாடி. சாதாரண குப்பியின் கண்ணாடியே அங்கே ஒளிரும். வெற்றுக் குப்பியை எடுத்துப் பாருங்கள், அதே மலை நிற்கும். குவார்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது குவியத்தைச் சுவரிலிருந்து உள்ளே தள்ளுங்கள்.

### வெற்றுக் குவெட்டில் இல்லை, மாதிரியோடு வருகிறது

மாசு. புதிய பாட்டிலை எடுத்து ஒப்பிடுங்கள். பழுப்பேறிய அமிலமானால் யோசிக்க ஒன்றுமில்லை, வாலை வடியுங்கள். லேசரை மாதிரியின் மேல் பத்து நிமிடம் விட்டுவைத்தால் மலை தணிகிறதா என்று பாருங்கள். தணிந்தால் அந்த நேரத்தை வழக்கமாக்கிக்கொள்ளலாம். இதற்கும் அடங்காவிட்டால் 785, அதற்கும் மேலே 1064. ஆனால் 785-க்குப் போனால் ஒன்றை இழப்பீர்கள்: 2900 பட்டைகள் 1016 நானோமீட்டருக்குப் போய்விடும், அங்கே சிலிக்கான் சிசிடி (ஒளியைப் பதியும் உணரி) ஏறக்குறையக் குருடு. மெத்தில் பட்டையை உள்தரமாக (மற்ற பட்டைகளை ஒப்பிடும் அளவுகோலாக) வைத்திருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டும்.

தூய்மைப் பைத்தியம் புதிதல்ல. 1928-ல் கல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் சுமார் அறுபது திரவங்களைப் பார்த்தபோது, வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வாலை வடித்துத்தான் எடுத்தார்கள். தாங்கள் கண்டது ஒளிர்வு அல்ல என்று காட்டவேண்டிய நிலை அவர்களுக்கும் இருந்தது.

## அறிகுறி 7: ஊசி போன்ற கோடுகள்

ஒரே பதிவில் மட்டும் வந்து அடுத்ததில் இல்லையென்றால் காஸ்மிக் கதிர், மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் அதே இடத்தில் வந்தால் லேசரை அடைத்துவிட்டு ஒரு பதிவு எடுங்கள். அப்போதும் இருந்தால் அறை விளக்கு. 532 லேசரில் டியூப் லைட்டின் பாதரசக் கோடுகள் 485, 1465, 1530 ஒட்டி விழும். கடைசி இரண்டும் அமிலத்தின் மெத்தில் பகுதிக்கு அருகில் இருப்பதால் ஏமாற வாய்ப்பு உண்டு. கறுப்புத் துணி ஒன்று போதும்.

## அறிகுறி 8: நேற்று இருந்த சிக்னல் இன்று பாதி

நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். இன்றைய 801 நேற்றைய 801-க்குச் சமமாக இருந்தால் கருவியில் குறையில்லை, உங்கள் மாதிரியில்தான் ஏதோ ஆகியிருக்கிறது. இல்லையென்றால் கருவியில் தேடுங்கள்.

### 801 சரியாக இருக்கிறது

மாதிரி உறைந்திருக்கலாம். ஏசியை 16-ல் வைத்துவிட்டு, அமிலம் ஏன் பால்போல வெளுத்திருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. உறைந்த மாதிரியில் பட்டைகள் கூர்மையாகி இடமும் மாறும், சிதறிய லேசர் ஒளி வேறு அடிப்பகுதியைத் தூக்கும். குவெட்டின் உள்சுவரில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

### 801-உம் குறைந்திருக்கிறது

1. குவியம் மாறியிருக்கிறதா? யாராவது மாதிரித் தாங்கியை மாற்றினார்களா?
2. லென்ஸில் அமில ஆவி படிந்து மங்கியிருக்கிறதா? லென்ஸ் தாளும் சில துளி தூய ஐசோபுரோப்பனாலும் போதும், அழுத்தித் தேய்க்காதீர்கள்.
3. ஒளியிழை கூர்மையாக வளைந்திருக்கிறதா? முனையில் தூசியா?
4. பிளவின் அகலத்தை யாராவது குறைத்திருக்கிறார்களா? பட்டைகளும் கூர்மையாகியிருந்தால் இதுதான்.
5. மாதிரி இருக்கும் இடத்தில் லேசர் திறனை அளவிடுங்கள். திறன் சரி, சிக்னல் இல்லை என்றால் லேசர் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியோ சிசிடியோ.

*நிபுணரை அழைக்கும் இடம்:* லேசர் திறன் உண்மையிலேயே சரிந்திருந்தால். சிசிடி தன் குளிர்நிலையை எட்டாமல் எச்சரிக்கை காட்டினால். சிசிடி சாளரத்தின் உள்பக்கம் ஈரம் படிந்தது போன்ற வட்டம் தெரிந்தால். லேசர் பெட்டியின் மூடியை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கற்றை கண்ணுக்கு இரண்டாவது வாய்ப்பு தராது. இந்த மூன்றுக்கும் முன்னால் இருக்கும் எல்லாவற்றுக்கும் பொறியாளரை அழைப்பது, அவர் வந்து லென்ஸைத் துடைத்துவிட்டுப் பயணச் செலவு வாங்கிப் போவதற்குத்தான்.

## அறிகுறி 9: 200-க்குக் கீழே ஒன்றுமே இல்லை

இருபடியின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி அசையும் பட்டைகள் இங்கேதான் இருக்கும்; அதனால் ஆசை இயல்பு. ஆனால் பெரும்பாலான கருவிகளின் வடிகட்டி 100 முதல் 200 வரைக்குள் எங்கோ வெட்டிவிடும். சரிபார்க்கக் கந்தகத் தூள் எடுங்கள்: 153.8, 219.1, 473.2. இதில் 219 வந்து 153 வரவில்லையென்றால் உங்கள் வடிகட்டியின் எல்லை தெரிந்துவிட்டது. அதைத் தாழ்த்துவது வடிகட்டியையே மாற்றும் வேலை. விலை கேட்டுவிட்டுப் பேராசிரியரிடம் போங்கள். முன்பு 153 வந்துகொண்டிருந்து இப்போது நின்றிருந்தால் மட்டும் வடிகட்டியின் சாய்வு மாறியிருக்கலாம், பொறியாளர் வேலை.

## அறிகுறி 10: குவெட்டைத் திருப்பினால் பட்டைகளின் விகிதம் மாறுகிறது

லேசர் முனைவாக்கம் பெற்றது (அதன் ஒளி ஒரே திசையில் அதிர்வது), கீற்றணியும் ஒரு திசை ஒளியையே அதிகம் விரும்பும். எனவே முனைவாக்கத்தைக் கலைக்கும் தகடு பிளவுக்கு முன் இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் டெட்ராகுளோரைடை ஃபியூம் ஹூட்டுக்குள் நிரப்பி மூடிய குவெட்டில் எடுத்தால், அதன் 459 பட்டை குறுக்குத் திசையில் ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். 218-உம் 314-உம் குறுக்குத் திசைக்கும் நேர்த் திசைக்கும் 0.75 விகிதத்தில் நிற்க வேண்டும். 459 கணிசமாகக் கசிந்தால் முனைவாக்கிகள் சரியாகத் திரும்பவில்லை, அல்லது நுண்ணோக்கியின் அகன்ற கோண லென்ஸ் திசைகளைக் கலக்கிறது. குறைந்த உருப்பெருக்க லென்ஸுக்கு மாறி மறுபடி பாருங்கள்.

## அறிகுறி 11: பட்டையைப் பிரித்தால் ஒவ்வொரு முறையும் வேறு விடை

ஒரே கோப்பு, ஒரே மென்பொருள், திங்கள்கிழமை இருபடி 70 சதவீதம், செவ்வாய்க்கிழமை 55. கருவிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அடிக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிர்ணயித்து எழுதிவையுங்கள், கண்ணால் இழுக்காதீர்கள். பிறகு கூறுகளை எண்ணுங்கள். 1670 பட்டையை ஐந்தாகப் பிரித்து, ஐந்துக்கும் இடம், அகலம், உயரம் மூன்றையும் சுதந்திரமாக விட்டால் எந்த நிறமாலையும் பொருந்தும், எந்த விடையும் வரும். மூன்று கூறுக்கு மேல் வேண்டும் என்று எனக்கு நிரூபித்துக் காட்டும்வரை மூன்றுக்கு மேல் போக விடுவதில்லை. இடங்களை ஒரே செறிவிலிருந்து எடுக்காமல், நீர்த்தல் வரிசை முழுவதையும் ஒன்றாகப் பொருத்தி நிலைநிறுத்துங்கள். நீர் உள்ள கரைசலில் 1640-க்கு ஒரு கூறைத் தனியே ஒதுக்கி, அதன் வடிவத்தை வெற்று நீரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பரப்பை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். சைக்ளோஹெக்சேன் கரைசலில் 801 உள்ளே இருக்கும் அளவுகோல். அதன் செறிவு மாறும் அளவை மட்டும் கணக்கில் திருத்திக்கொண்டால் லேசர் ஏறி இறங்குவது தானாக நீங்கும். 893-ஐ அளவுகோலாக்குபவர்களும் உண்டு. சேர்க்கை மாறும்போது அந்தப் பட்டையே சற்று மாறுவதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

## பொறியாளர் வந்தால் கையில் கொடுக்க வேண்டியவை

லேசரை அடைத்து எடுத்த ஒரு பதிவு, நியான் விளக்கின் ஒரு பதிவு, இன்றைய சைக்ளோஹெக்சேன், கோளாறுக்கு முந்தைய வாரத்துச் சைக்ளோஹெக்சேன், 801 நோட்டின் கடைசி இரண்டு பக்கங்கள், அறை வெப்பநிலை. அமிலத்தின் நிறமாலையைக் காட்டாதீர்கள். பாதி நேரம் அதிலேயே போய்விடும்.